பழைய கணினியில் இன்கஸ்

காஞ்சி பிள்ளையார்பாளையம் வீட்டில் ஒரு பழைய கணினியைச் சர்வராக்கி, இன்கஸ் போட்டிருக்கிறேன். அது கண்டெய்னர்களை இயக்கும் கட்டற்ற மென்பொருள், 2023இல் எல்எக்ஸ்டி என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது. ஒவ்வொரு கண்டெய்னரும் தனி லினக்ஸாகவே இயங்கும். கெர்னல் மட்டும் பொது. அதனால் குறைந்த ரேமே போதும்.

சிக்கலெல்லாம் நெட்வொர்க்கில்தான். இன்கஸ் தானாக அமைக்கும் பிரிட்ஜ் நெட்வொர்க்கில் கண்டெய்னர்கள் இணையத்தை எட்டும். வீட்டின் மற்ற கணினிகளால் அவற்றை நேரடியாக எட்ட முடியாது. மேக்விலேன் முறையைப் போட்டால் கண்டெய்னருக்கு ரவுட்டரே முகவரி தரும், ஆனால் சர்வரும் கண்டெய்னரும் தங்களுக்குள் பேச முடியாது. ஈதர்நெட் கார்டின் மேல் நாமே ஒரு பிரிட்ஜ் கட்டுவதே சரி. வைஃபையில் அது பெரும்பாலும் நடக்காது, கேபிள் இழுத்துவிடுங்கள்.

ஜக்கார்டு டிசைன்களைக் கணினியில் சேர்த்துவைத்திருக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே, அவற்றைக் காக்க இப்படி உங்களுக்கென ஒரு சர்வர் வேண்டும். நம்மூரில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தயங்காமல் போய் உதவி கேளுங்கள்.