வண்டிக்குள் ஒரு டம்ளர் தண்ணீர்



"ரெண்டு மாசமா பயணப் படம் ஒண்ணும் காணோமே டீச்சர், ஆம்னியை வித்துட்டீங்களா?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். என் தப்பும் இதில் இருக்கிறது.

பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் வீட்டுக்காரர். ஆம்னியின் பின்பக்கம் பிளைவுட் பலகை அடித்து, மேலே ஸ்பாஞ்ச் மெத்தை போட்டு, ரெண்டு பேர் படுக்கிற மாதிரி அவரே செய்தார். ஒரு இடுக்கு தெரியாமல் அடித்திருக்கிறேன் என்று அவருக்குப் பெருமை.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க வண்டி வாசல் வேப்பமரத்தடியில் பூட்டியே கிடந்தது. தையில் கொல்லிமலை போனோம். நல்ல குளிர். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டுப் படுத்தோம். விடிந்து பார்த்தால் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அதில் விரலால் "அ" எழுதி, படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்பினேன். இங்கேயும் போட்டேன், பார்த்திருப்பீர்கள்.

லால்குடி திரும்பியதும் இவருக்கு இருமல். ராத்திரியில் இளைப்பு. "விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதீங்கன்னா கேட்டால்தானே" என்று தினமும் திட்டினேன். மாசியில் புளியஞ்சோலை போய் ஒரு ராத்திரி வண்டியில் தங்கிவந்தோம். இளைப்பு இன்னும் கூடியது. டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "படுக்கிற இடத்துல பூஞ்சை வாடை அடிக்குதாம்மா?"

வீட்டில் இல்லை. வண்டியில் ஏறினால் நனைந்த சாக்கு வாடை வரும். அதற்கு நான் கற்பூரம் வாங்கி வைத்திருந்தேன்!

மெத்தையைத் தூக்கினோம். அடியில் கரும்பச்சைத் திட்டுகள். பலகை ஊறி உப்பியிருந்தது. அதன் கீழே தகரத்தில் துரு. காலமெல்லாம் ரயில் பெட்டித் துருவோடு மல்லுக்கட்டிய மனிதர், ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்பில் சில்வர் டம்ளரில் ஐஸ் போட்டு, வெளியே துளி துளிப்பதைக் காட்டி, "இந்தத் தண்ணி எங்கேருந்து வந்தது?" என்று கேட்டவள் நான். "டம்ளர் ஓட்டை டீச்சர்" என்று சொன்னவர்களும் இதைப் படிப்பீர்கள். அதே தண்ணீரைத்தான் கண்ணாடியில் பார்த்து "அ" எழுதினேன்.

வண்டிக்குள் தண்ணீர் மூன்று வழியாக வந்திருக்கிறது.

முதலாவது, எங்கள் மூச்சு. ஒரு ஆள் ஒரு ராத்திரியில் மூச்சிலும் வியர்வையிலுமாகக் கால் லிட்டர் அளவுக்கு நீரை வெளியே விடுகிறார். குளிர்ந்த தகரத்தில் பட்டு அது துளியாகி, மெத்தைக்கு அடியில் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது, காபி அடுப்பு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ நீராவி வரும். மூடிய வண்டிக்குள் அடுப்பு எரித்தால் விஷவாயு ஆபத்தும் உண்டு. அதை நாங்கள் அடியோடு விட்டாயிற்று.

மூன்றாவது, மழை. பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வந்து, கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகளில் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினார். வேப்பிலை மக்கி அடைத்திருந்தது. கறுப்புத் தண்ணீர் கொட்டியது.

ஸ்பாஞ்ச் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அதற்குள் பூஞ்சை போனால் எடுக்க முடியாது. தகரத்தை முகக்கவசம் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தோம். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூளாகப் பறந்து மூச்சுக்குள் போகும். பிறகு நாலு நாள் வெயில். இனி பலகைக்குக் கீழே காற்றுப் போக ரீப்பர் கட்டை, எதிரெதிர்க் கண்ணாடிகள் விரல்கடை இறக்கம், அதற்குக் கொசுவலை. எது நனைந்தாலும் ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாளுக்குள் காய்ந்துவிட வேண்டும். உப்பும் கரியும் கொஞ்சம் ஈரம் இழுக்கும், அவ்வளவுதான். கற்பூரம் வாடையை மறைக்கும். என் விஷயத்தில் அதுதான் ஆபத்தாகிவிட்டது.

நம் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈர நெல்லை யாராவது மூட்டை கட்டுவோமா? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் களத்தில் கொட்டிக் காயவைக்கிறோம். நெல்லுக்குப் பார்த்ததை நான் கட்டின மனுஷருக்குப் பார்க்கவில்லை.

மருந்தாலும், அந்த வண்டியில் படுக்காததாலும் இளைப்பு இப்போது குறைந்திருக்கிறது. "வித்துடுங்கம்மா" என்கிறான் மகன். இவரோ வாசலில் ரீப்பர் அறுத்துக்கொண்டிருக்கிறார். வண்டிக் கதவுகள் நாலும் திறந்து கிடக்கின்றன.

"குளிக்கிறதுக்காக உங்களை வீணாத் திட்டிட்டேன்" என்று நேற்று சொன்னேன். "அதுக்காக வெந்நீர் போடறதை நிறுத்திடாதே" என்றார்.

வண்டியோ, பீரோவோ, பரணோ, பூட்டி வைத்ததை இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து மோந்து பாருங்கள். வீட்டில் யாருக்காவது விடாத இருமல் இருந்தால் டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்