முகம் தெரியலையா? வாங்க அண்ணாச்சி!

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 13 கிலோமீட்டர் போனால் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலத்துச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கவனிப்பது கைகளைத்தான். நாகாஸ்திரம் இருந்தால் கர்ணன், கரும்பு வில் இருந்தால் மன்மதன், அன்னத்தின் மேல் அமர்ந்திருந்தால் ரதி. முகத்தை மட்டும் படமெடுத்துக் காட்டி ‘இது யார்?’ என்றால் பலரும் திணறிப்போவார்கள்.

சிலருக்கு அன்றாட வாழ்க்கையே இப்படித்தான். பள்ளி வாசலில் ஒரே சீருடையில் நிற்கும் கூட்டத்தில், பெற்ற பிள்ளையின் முகமே பிடிபடாது. பார்வையில் குறையில்லை, மறதியும் இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகத் தெரியும். அவற்றை ஒன்றுசேர்த்து ‘இவர் இன்னார்’ என்று சொல்ல வேண்டிய மூளைப் பகுதிதான் கைவிட்டுவிடுகிறது. 1947-ல் ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர் இதற்கு ‘புரோசோபக்னோசியா’ என்று பெயர் வைத்தார். சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். சிலருக்குப் பக்கவாதம், தலைக்காயத்துக்குப் பிறகு வரும். இந்தி நடிகை ஷெனாஸ் டிரெஷரி, தனக்கு இது இருப்பதாக 2022-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. குரல், நடை, தலைமுடி, உடை என்று கிடைத்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். தாமிரபரணிக் கரைக்கு இது புதிதல்ல. ஸ்ரீவைகுண்டத்தில் பெருமாள் நின்ற கோலம், நத்தத்தில் அமர்ந்த கோலம், திருப்புளியங்குடியில் கிடந்த கோலம். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களோ பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒலியில்தான் வித்தியாசம்.

நெல்லைப் பேச்சிலும் ஒரு வசதி உண்டு. எதிரில் வருபவர் யாரானாலும் “வாங்க அண்ணாச்சி” என்றால் போதும், பெயர்கூட வேண்டாம். ஆனால் கல்யாண வீட்டில் இந்த வித்தை செல்லாது. “நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?” என்று கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். விழித்தால், “பெரிய ஆளாயிட்டாக, நம்மளயெல்லாம் தெரியுமா?” என்று பேச்சு வரும். முகம் பிடிபடாதவர்கள் விசேஷ வீடுகளைத் தவிர்ப்பது இந்தப் பேச்சுக்குப் பயந்துதான். “பேட்டை சித்தப்பா வந்திருக்கேன்டே” என்று அவரே முதலில் சொல்லிவிட்டால் பிரச்னையே இல்லை.

ஆனித் தேரோட்டத்துக்கு இப்படி ஒருவரை அழைத்துப் போகிறீர்களா? தேர் வீதிக் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் வாகையடி முக்கில் எந்தக் கடை வாசலில் நிற்பது, யார் என்ன நிறச் சட்டை என்பதை வீட்டிலேயே பேசி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.