புரவலன் இல்லா ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனை நிறுத்தி வழி சொல்வது நம் முன்னோர் வகுத்த ஆற்றுப்படை. காடும் மலையும் கடந்து, இடைவழி ஊர்களின் சோறும் நீரும் சொல்லி, அவன் உரை சென்று சேரும் இடம் ஒரு கொடையாளியின் வாயில். அவ்வாயிலில் வரவேற்பவன் மாண்டபின், வழி மட்டும் எஞ்சி என் பயன்? அத்தகைய ஊர் ஒன்றுக்கு வழி சொல்ல வாயெடுத்தேன். ஆற்றுப்படையாக எழுந்த சொல், மாண்டோர்க்கு இரங்கும் கையறுநிலையாக இற்று வீழ்கின்றது.

டமாஸ்கஸ் நகருக்கும் யூப்ரடீஸ் ஆற்றுக்கும் இடையே, சிரியப் பாலையின் நடுவில், பேரீந்துச் சோலை சூழ எழுந்தது பல்மைரா. ஊரார் அதனைத் தத்மூர் என்பர். கடல் இல்லை, பேராறு இல்லை, எஃப்கா என்னும் ஊற்று ஒன்றே அதன் செல்வம். அந்நீர் நோக்கி ஒட்டகச் சாத்துகள் வந்தன, வந்தோர் தங்கினர், தங்கினோரால் ஊர் தழைத்தது. அதன் வணிகர் பாரசீக வளைகுடாவில் கலம் ஏறிச் சிந்து ஆற்றின் முகம் வரை சென்று மீண்டனர். எப்பொருளுக்கு எவ்வளவு சுங்கம் என்பதைக் கி.பி. 137இல் கல்லிலே வெட்டி, எல்லாரும் காண நிறுத்தினர். கி.பி. 32இல் பேல் தெய்வத்துக்குப் பெருங்கோயில் எடுத்தனர். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது தூண்நிரைத் தெரு. இறந்தோர்க்கு எழுப்பிய கோபுரக் கல்லறைகளில் சீனத்துப் பட்டு கிடந்தது. மாண்டோர் முகத்தைக் கல்லில் செதுக்கி, அவர் பெயரும் தந்தை பெயரும் எழுதி, அருகே ‘அந்தோ’ என்றும் பொறித்தனர். நடுகல் கண்ட நமக்கு அவ்வழக்கம் அயலன்று.

செனோபியா என்னும் அரசி எகிப்து வரை தன் ஆணை செலுத்தினாள். 272இல் உரோமப் பேரரசன் ஆரேலியன் அவளை வென்றான். மறுஆண்டு மீண்டும் கிளர்ந்த நகரைச் சூறையாடினான். முடி வீழ்ந்தது, குடி வீழவில்லை. பேல் கோயில் கிறித்தவர் தேவாலயம் ஆயிற்று. பின்னர்ப் பள்ளிவாசல் ஆயிற்று. அதன் முற்றத்தில் மண்சுவர் வீடுகள் எழுந்தன. தெய்வம் மாறினும் தொழுவோர் மாறாது நின்ற இடம் அது.

பின்பு வேறு வகைப் பயணியர் வந்தனர். 1751இல் வந்த ராபர்ட் வுட், ஜேம்ஸ் டாக்கின்ஸ் குழுவினர் தூண்களை அளந்து வரைந்தனர். 1753இல் அவர் வரைந்தவை நூலாக வெளிவர, ஆங்கிலச் செல்வர் மாளிகைகளின் விதானங்களில் பல்மைராவின் பூக்கோலம் ஏறியது. 1791இல் பிரெஞ்சு அறிஞர் வோல்னே, பேரரசுகளின் வீழ்ச்சியை எண்ணிப் பார்க்கும் தம் நூலுக்கு இப்பாழையே களமாக்கினார். முன்னர்ச் சாத்தர் வந்தது ஊரைத் தேடி. இவர்கள் வந்ததோ பாழைத் தேடி. பாழின் அழகுக்கு ஊரார் இடையூறு ஆயினர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு ஆட்சியினர் கோயில் முற்றத்துக் குடிகளைப் பெயர்த்துப் புதிய ஊரில் அமர்த்தி, அவர்தம் வீடுகளை அகற்றினர். தூண்கள் தனித்து நின்றன, காண்போர் வியந்தனர்.

1980இல் அப்பாழ் உலக மரபுச் சின்னம் ஆயிற்று. அதே ஆண்டு சூன் திங்களில், அதே ஊரின் சிறைச்சாலையில், அரசின் படைவீரர் கைதிகள் பல நூற்றுவரைக் கொன்று குவித்தனர். மாலை வெயிலில் பொன்னிறம் கொண்ட தூண்களைக் காண உலகெங்கிருந்தும் வந்தோம். சிறைமதில் எவர் கண்ணிலும் படவில்லை. அழிவை அழகு என்று சுவைத்தோம், அது பழைய அழிவு என்பதால்.

புதிய அழிவு 2015 மே திங்களில் வந்தது. ஐ.எஸ். படையினர் ஊரைக் கைப்பற்றினர். ஆகஸ்டில் பால்ஷமின் கோயிலையும் பேல் கோயிலையும் வெடிவைத்துத் தகர்த்தனர். அக்டோபரில் வளைவு வாயிலை வீழ்த்தினர். பட்டு கிடந்த கல்லறைக் கோபுரங்களும் பொடியாயின. ஆயினும் என் நெஞ்சு கலங்கி நிற்பது கல்லுக்காக அன்று.

காலித் அல்-அஸ்அத் பெருந்தகையே! அவ்வூரிலே பிறந்தீர்; 1963 முதல் 2003 வரை நாற்பதாண்டு அதன் தொல்பொருள்களைக் காத்தீர்; இறந்துபட்ட பல்மைரா எழுத்தைப் படிக்கக் கற்றீர்; பெற்ற மகளுக்குச் செனோபியா என்று பெயரிட்டீர். பல நாட்டு அறிஞர் உம்மை நாடி வந்தனர். அவர்க்குக் கல்லைப் பேச வைத்தீர். பகைவர் நெருங்கியபோது அருஞ்சிலைகள் வண்டியேறிச் சென்றன. எண்பது கடந்த நீர் ஊரை நீங்கவில்லை. மறைத்த பொருள் எங்கே என்று வருத்தினர் என்பர், நீர் சொல்லவில்லை. ஆகஸ்ட் 18 அன்று ஊர் நடுவே உம் தலை கொய்தனர். நீர் கொடுத்த பரிசில் பொன் அன்று, அறிவு. இனி அதை யாரிடம் சென்று இரப்போம்?

2016 ஏப்ரலில், வீழ்ந்த வளைவின் படியை எகிப்தியப் பளிங்கில் செதுக்கி, இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினர். நியூயார்க்கும் துபாயும் கூட அதனைக் கண்டன. வாயில் உலகைச் சுற்றி வந்தது. அவ்வாயிலின் ஊராரோ, வீடு இழந்து, அகதி முகாம்களின் வாயில்களில் காத்து நின்றனர். சரிந்த கல்லை அளவறிந்து மீண்டும் அடுக்கலாம். அதற்குக் கலை உண்டு, கருவி உண்டு, பொருள் தருவோரும் உண்டு. சிதறிய குடியை அவ்வாறு அடுக்கும் கருவி எவரிடம் உண்டு?

2024 டிசம்பரில் சிரியாவின் ஆட்சி மாறியது. பாலைவழியில் பயணியர் மீண்டும் செல்லத் தொடங்கினர். எதிர்வரும் பாணனே, நீயும் செல்வாய். தடுக்க மாட்டேன். எத்தனை தூண் நிற்கின்றது என்று எண்ணுமுன், எத்தனை குடி மீண்டது என்று கேள். சிறை இருந்த இடம் எது என்று கேள். கோயில் முற்றத்தில் வீடு இருந்த முதியோரின் பேரன் எவனேனும் உளனா என்று கேள். விடை சொல்ல ஒருவன் இருப்பின், அவனே அவ்வூர். கல் அவனுக்குப் பின்.