அரை ஸ்பூன் உப்பு, ஆறு ஸ்பூன் சர்க்கரை

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதைதான் எழுத நினைத்தேன். நிலா, காதல், அரியர்ஸ் என்று மூன்று தலைப்புகள் கைவசம் இருந்தன. ஆனால் ஒரு வருஷமாக ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதை இறக்கி வைக்க இந்த மலரை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. "போயும் போயும் வயித்துப்போக்கைப் பத்தியா எழுதப் போறே?" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள் நண்பர்களே, ஆனால் படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

சென்ற ஆண்டு இன்-பிளான்ட் டிரெயினிங்குக்காக நாங்கள் மூன்று பேர் திருவள்ளூரை அடுத்த காக்களூருக்குப் போனோம். சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மெஷின் ஷாப். நாலு லேத், இரண்டு டிரில்லிங் மெஷின், எந்நேரமும் கூலன்ட் வாசனை. பக்கத்திலேயே ஒரு ஆயா வீட்டு மாடியில் வாடகைக்கு ஒரு ரூம் பிடித்தோம். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தால் கையைக் காட்டன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்போம். எண்ணெய் போனால் கை சுத்தம் என்று நினைத்த காலம் அது!

ஒரு சனிக்கிழமை. மூன்றாமவன் ஊருக்குப் போயிருந்தான். நானும் நண்பனும் மட்டும் ரூமில். ராத்திரி பத்து மணிக்கு அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. பன்னிரண்டு மணிக்குள் எட்டு முறை போய்விட்டான். கூடவே வாந்தியும். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெறும் நீராகப் போனது. "மச்சி, நாக்கு வறளுதுடா, தண்ணி குடு" என்றான்.

நான் கொடுக்கவில்லை.

"குடிச்சா இன்னும் போகும்டா. வயிறு காஞ்சாத்தான் நிக்கும்" என்று சொல்லிக் குடத்தை வெளியே கொண்டுபோய் வைத்தேன். சின்ன வயசில் எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். அவன் கெஞ்சினான். நான் அண்ணன் மாதிரி அதட்டினேன். இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மூன்று மணிக்குக் குரல் கம்மிவிட்டது. கண் உள்ளே போய், முகமே வேறு யாரோ முகம் மாதிரி ஆகிவிட்டது. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஓடிப்போய் ஆயாவை எழுப்பினேன். மாடி ஏறி வந்து பார்த்தவர், அவன் கையில் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின இடம் மடிப்பு மடிப்பாகவே நின்றது. "இன்னா தம்பி, புள்ளையை இப்பிடிக் காயப் போட்டு வெச்சிருக்கே!" என்று என்னைத் திட்டிக்கொண்டே, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார். விடிவதற்குள் ஒரு ஆட்டோ பிடித்துத் திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

சிஸ்டருக்கு நரம்பு கிடைக்கவே நேரமாயிற்று. டிரிப் ஏறத் தொடங்கியதும் டாக்டர் என்னைக் கேட்டார். "ராத்திரி எவ்வளவு குடிச்சான்?"

"ஒண்ணும் குடுக்கல சார். குடிச்சா ஜாஸ்தியாகும்னு..."

அவர் கோபப்படவில்லை. பாட்டிலைக் காட்டிச் சொன்னார்: "நீ குடுக்காத தண்ணியைத்தான் தம்பி, நான் இப்ப ஊசி வழியா ஏத்திக்கிட்டிருக்கேன்." பிறகு, "டெக்னிகல் படிக்கிறவன்தானே? டேங்க்ல இருந்து தண்ணி வெளியே போய்க்கிட்டே இருந்தா, உள்ளே விடாம மூடி வைப்பியா?" என்று கேட்டார். "என்ன கிருமி சார்?" என்றேன். "அது லேப் பார்க்கட்டும். எந்தக் கிருமியா இருந்தாலும் முதல் மருந்து போன தண்ணியும் போன உப்பும்தான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை லைப்ரரிக்குத் துரத்தியது. அங்கே படித்ததில் நம்மைப் போன்றவர்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். காலராக் கிருமியை வளர்த்து, பிறகு கிருமிகளையெல்லாம் நீக்கி, வெறும் திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். கிருமியே இல்லை, ஆனாலும் குடலில் நீர் கோத்துக்கொண்டது. அப்படியென்றால் வேலையைக் காட்டுவது கிருமி வெளியே விடும் நச்சுதான். அந்த நச்சு குடல் சுவரில் உப்பு வெளியேறும் கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட இழப்பு இருக்கும். நம்மில் ஒருவன் 55 கிலோ என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஐந்தரை லிட்டர் போனால் உயிருக்கே ஆபத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ராத்திரி போதும்!

ஆனால் இயற்கை ஒரு வழியை அடைக்காமல் விட்டிருக்கிறது. வெளியேறும் வால்வு மாட்டிக்கொண்டாலும் உள்ளே வரும் வால்வு ஒன்று கெடாமல் இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக வந்தால் குடல் இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே தண்ணீரும் வரும். வெறும் தண்ணீருக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆயா போட்ட உப்புக் கஞ்சியிலும் இதே கணக்குதான். அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தானே மாறுகிறது!

இதைப் பெரிய அளவில் நிரூபித்தவர் திலீப் மகாலனாபிஸ். 1971 வங்கதேசப் போரின்போது எல்லை ஊரான பன்காவில் லட்சக்கணக்கான அகதிகள். காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையில்கூட நோயாளிகள். சலைன் பாட்டில்கள் தீரும் நிலை. அவர் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலக்கச் செய்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி வைத்தார். கூட இருந்த உறவினர்களே பிடித்துவந்து புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, அந்தக் கரைசல் கொடுத்த இடத்தில் 3.6 சதவீதமாகக் குறைந்தது! இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று 1978-இல் லண்டன் 'லான்செட்' இதழே எழுதியது. அவர் 2022-இல் காலமானார். மறைந்த பிறகு, 2023-இல்தான் பத்மவிபூஷண் வந்தது.

நம்ம ஊர்ச் சம்பந்தமும் உண்டு. 1992 அக்டோபரில் மெட்ராசில் ஒரு புது வகைக் காலரா தலைகாட்டியது. அதுவரை பெரும் தொற்றைக் கிளப்பியது ஓ1 என்ற வகை மட்டும்தான். இது அதற்கான சோதனைக்குப் பிடிபடவில்லை. சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. அதுவரை 138 வகைகள் கணக்கில் இருந்ததால் இதற்கு ஓ139 என்று பெயர். பழைய வகையால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி இதற்கு உதவாததால் பெரியவர்களும் ஏராளமாக விழுந்தார்கள். பிறகு இந்த வகை தானாகவே அடங்கி, ஓ1 மறுபடி முந்திக்கொண்டது. கிருமி புதிது, சோதனை புதிது. ஆனால் அப்போதும் உயிரைக் காத்தது அதே உப்பும் சர்க்கரையும் தண்ணீரும்தான்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் பல ஆண்டுகள் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ரோட்டா வைரஸ் பற்றி ஆராய்ந்தார்கள். குழந்தைகளுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு அந்த வைரஸ் முக்கியக் காரணம். இந்தியாவிலேயே உருவான தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் அது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. வைரஸால் வரும் போக்குக்கு ஆன்டிபயாடிக் பலிக்காது. அப்படியிருக்க நாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்குகிறோம். தேவையில்லாமல் விழுங்கினால் கிருமிகள் அந்த மருந்துக்கே பழகிவிடும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அது வேலை செய்யாது.

1980 வாக்கில் உலகில் ஆண்டுக்குச் சுமார் 46 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தார்கள் என்று கணக்கு. இப்போது அது நான்கரை லட்சத்துக்குள் வந்திருக்கிறது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த நான்கரை லட்சமும் போக வேண்டிய உயிர்களா?

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். ஏழு பாட்டில் ஏறிய பிறகு நண்பன் பேசினான். நான்காம் நாள் டிஸ்சார்ஜ். ரூமுக்குத் திரும்பியதும் இருவரும் தண்ணீர் வரும் வழியைத் தேடினோம். அந்த வீட்டு மோட்டார் தெருக்குழாயிலிருந்து நேரே இழுத்தது. குழாய் சாக்கடைக்கு அடியில் போனது. தோண்டிப் பார்த்தால் ஜாயின்ட்டில் ஒரு விரிசல்! ஹைட்ராலிக்ஸ் லேபில் சென்ட்ரிபியூகல் பம்ப் சோதனையில் சக்ஷன் பக்கம் வாக்குவம் கேஜ் வைத்து ரீடிங் எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். விரிசல் இருந்தால் வெளியே இருக்கிற சாக்கடையும் உள்ளே வரும். ரெக்கார்டில் பத்துக்கு எட்டு மார்க் வாங்கினேன். வீட்டுக் குழாயில் அதைப் பார்க்கக் கண் இல்லை!

அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஹோட்டல் சாப்பாடாகவும் இருக்கலாம். ஆனாலும் ஆயாவிடம் சொல்லி, ஹாக்ஸா பிளேடும் பி.வி.சி. குழாயும் வாங்கி, சாக்கடையை விட்டு விலக்கிப் புது லைன் போட்டோம். நேரே இழுப்பதை நிறுத்தி, தண்ணீர் தானாக ஒரு தொட்டியில் விழுந்து, அங்கிருந்து மோட்டார் எடுக்கும்படி மாற்றினோம். தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டோம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அந்தச் சோதனைக்கு ஒரு சின்ன டப்பா போதும், மருந்தைச் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். நாளைக்கு நாம் எங்கே வேலைக்குப் போனாலும் பம்ப்பும் பைப்பும் நம் கையில்தான் இருக்கப் போகிறது. டாக்டர் வருவதற்கு முன்னால் நாம் செய்யவேண்டிய வேலை இது.

ஆகவே நண்பர்களே, ஒவ்வொரு ரூமிலும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வையுங்கள். பெரிய பொட்டலம் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். பொட்டலம் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் டீ ஸ்பூனால் தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு, மடக்கு மடக்காகக் கொடுங்கள். சின்னக் குழந்தை என்றாலோ, ரத்தம் போனாலோ, ஆள் சோர்ந்து மயங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. சாப்பிடும் முன் சோப்பு. காட்டன் வேஸ்ட் அல்ல!

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். இரண்டாம் நாள் நண்பனின் அப்பா ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் படுத்தபடியே, "ராத்திரி பூரா இவன்தாம்பா கண்ணு மூடாம கூட இருந்தான்" என்றான். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்பா" என்று அழுதார். குடத்தை வெளியே வைத்த கை அது. அப்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை.

இதை எழுதி முதலில் நண்பனிடம்தான் காட்டினேன். படித்துவிட்டு, "போடு மச்சி. மலர் வந்ததும் அப்பாவுக்கு ஒரு காப்பி நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்" என்றான்.

ஐயா, இதைப் படிக்கிறீர்கள் என்றால், என்னை மன்னித்துவிடுங்கள்.

— இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு