பேர் சொல்லாமல் சொன்ன கதை

மட்டக்களப்பில் ஒருவரின் பெயரை மறைத்துவிட்டு அவருடைய கதையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? "படுவான்கரைப் பிள்ளை, தகப்பன் கட்டார்ல, கம்பஸ்ல ரெண்டாம் வருஷம்." இவ்வளவு போதும். பொழுதுபட முதல் ஆள் யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும்.

என் தோழி ஒருத்திக்கு இதுதான் நடந்தது. படிப்பை விடுவதா தொடர்வதா என்ற குழப்பத்தில், காசு கட்டி, இணையவழியில் ஒரு லைஃப் கோச்சிடம் பேசினாள். நாலாவது அமர்வில் வீட்டுப் பிரச்சினையையும் சொன்னாள். ரெண்டு கிழமை கழித்து அதே கோச் ஒரு ஸூம் பயிற்சியில் அதை 'உதாரணம்' ஆக்கிவிட்டார். கேட்டதற்கு வந்த பதில்: "நான் பேர் சொல்லல்லையே தங்கச்சி." உண்மைதான். ஆனால் பேரை எடுத்த பிறகும் ஆள் மிச்சம் இருந்தாள். இப்ப அவள் எங்களிடமும் வாய் திறப்பதில்லை. என்ன கேட்டாலும் "ஒண்டுமில்லகா" என்பாள்.

இந்த மண்ணில் இரகசியம் என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்திருக்கிறது. யுத்த காலச் சுற்றிவளைப்புகளில் முகம் மூடிய 'தலையாட்டி' தலையை அசைத்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். நாங்கள் படிக்கும் வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டம்பர் 5 அன்று கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. "வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரு மனே" என்று அம்மம்மாமார் சொல்லித் தந்தது உயிர் காத்த அறிவு.

அப்ப ஆக்கள் எங்கே போய்த்தான் பேசினார்கள்? மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் இங்குள்ள அம்மன் கோயில்களில் ஆய்வு செய்தவர். காணாமல்போனவர்களைப் பற்றி உறவினர்கள் தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். முகாம் வாசலில் கேட்கப் பயந்த கேள்வியை அங்கே கேட்க முடிந்தது. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து விளையாடினார்கள், களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை செய்தார்கள். இரண்டு இடத்திலும் எவ்வளவு சொல்வது என்பது வந்தவரின் கையில் இருந்தது. நம்பிக்கை அப்படித்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

கோச்சிங்கில் இது தலைகீழாகிறது. காசு கட்டியாச்சு, நேரம் ஓடுது, 'மனம் திறந்து பேசுங்க' என்று அவசரப்படுத்துகிறார்கள். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் ஒழுக்கக் கோவை, இரகசியம் பேணுவது பற்றித் தொடங்க முதலே தெளிவாக உடன்பட வேண்டும் என்கிறது. ஆனால் கோச் என்று போட்டுக்கொள்ள இங்கே உரிமம் எதுவும் தேவையில்லை.

அதற்காக "ஒருத்தருக்கும் எதையும் சொல்ல மாட்டன்" என்று சத்தியம் செய்பவரையும் நான் நம்ப மாட்டேன். 1976இல் டரசோஃப் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், தன்னிடம் வருபவரால் இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த மற்றவரைப் பாதுகாக்கும் கடமை உளச்சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. எல்லை இருப்பது பிழையில்லை. அந்த எல்லையை முதல் நாளே சொல்லாமல் விடுவதுதான் பிழை.

ஆகவே, கோச்சோ உளவளத்துணையாளரோ, பேசத் தொடங்க முதல் நாலு கேள்வி கேளுங்க. நான் சொல்வதை வேறு யார் அறிவார்கள்? குறிப்பும் ஒலிப்பதிவும் யாருடைய போனில் கிடக்கும்? எந்தச் சந்தர்ப்பத்தில் இரகசியத்தை உடைப்பீர்கள்? என் கதையை உதாரணமாக எடுக்க முதல், பேர் இல்லாவிட்டாலும், என்னிடம் கேட்பீர்களா?

பதில் தடுமாறினால் அன்றைக்குச் சின்னப் பிரச்சினை ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வாங்க. மற்றது உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும்.