எஞ்சினின் பூர்வீகம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் நேச நாட்டுப் படைகள் இந்தியாவில் விட்டுச் சென்ற லாரிகளும் ஜீப்புகளும் ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் ஏலத்திற்கு வந்து, பஸ்களாகவும் சரக்கு லாரிகளாகவும் வேஷம் மாறிப் பல்லாண்டு உழைத்தன. அவற்றில் எஞ்சிய எஞ்சின்களைக் கழுவித் துலக்கி, எந்தத் தேசத்தில் எந்த ஆண்டில் பிறந்தவை என்று நிர்ணயிக்கும் அபூர்வமான வித்தையை, ஆம்பூருக்கு அருகே, தோல் பதனிடும் வாசனை காற்றில் கனத்திருக்கும் சாலையோரப் பட்டறை ஒன்றில் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

ஆம்பூரை அடக்கிய வேலூர்ச் சீமை பட்டாளத்திற்கு ஆள் கொடுத்த சீமை. கம்மவான்பேட்டை என்று, வீட்டுக்கு வீடு ராணுவச் சேவை செய்த கிராமம் இங்கே உண்டு. பட்டறைத் தலைவரான பெரியவரும், 1943இல் யுத்தத்தின் நடுவே தோன்றிய இ.எம்.இ. என்னும் மின்-இயந்திரப் பொறியாளர் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவரே.

“பேர் பிளேட்டைப் பாக்காதீங்க சார். அது கழட்டி மாட்டுறது. வார்ப்பைப் பாருங்க” என்று சொன்னாலும், அவர் முதலில் கையிலெடுத்தது ஸ்பேனரை. போல்ட்டின் மரையே ஜாதியைச் சொல்லிவிடும் என்பது அவர் அனுபவம். அமெரிக்க எஞ்சினுக்கு அங்குல ஸ்பேனர். பழைய பிரிட்டிஷ் எஞ்சின் விட்வொர்த் ஸ்பேனருக்கே இணங்கும். ஜெர்மனியின் மான் கம்பெனியிடம் உரிமம் பெற்று 1959 முதல் ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரியின் எஞ்சினோ மில்லிமீட்டர்க் கணக்கு. நேச நாடுகளின் மரைகளே ஒன்றோடொன்று பொருந்தாமல் யுத்தகாலத்தில் உண்டான தொல்லை காரணமாகவே, அமெரிக்காவும் கனடாவும் பிரிட்டனும் 1948 நவம்பரில் பொது மரை அளவுக்கு உடன்பாடு கண்டன.

ஜீப்பின் விஷயம் இன்னும் நுட்பமானது. யுத்தகால ஜீப்பின் 134 கன அங்குல எஞ்சினில் எல்லா வால்வுகளும் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட் வெறும் மூடிதான். பிற்காலத்து மகிந்திரா ஜீப்பின் எஞ்சினிலோ காற்று உள்வரும் வால்வுகள் ஹெட்டுக்கு ஏறிவிட்டன. யுத்த ஜீப்பையே வில்லிஸ், ஃபோர்டு என்ற இரு கம்பெனிகள் ஒரே அமைப்பில் செய்தன. வில்லிஸின் எஞ்சின் எண் ‘எம்.பி.’ என்று தொடங்கும், ஃபோர்டினுடையது ‘ஜி.பி.டபிள்யூ.’ என்று. ஃபோர்டு கம்பெனியார் போல்ட் தலையில்கூடத் தம் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள்.

அன்று மேஜைமேல் இருந்தது 216 கன அங்குல ஷெவர்லே எஞ்சின். பிளாக்கின் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் கரைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸைப் பூசினார் பெரியவர். ‘சி 12 3’ என்பது வெண்மையாகத் துலங்கிற்று. ஆங்கில நெடுங்கணக்கில் ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். ஆகவே மார்ச் 12. ஆனால் ஆண்டுக்கு ஒற்றை இலக்கமே உண்டு. 1937 முதல் 1953 வரை வெளிவந்த அவ்வெஞ்சினில் ‘3’ என்பது 1943ஆ, 1953ஆ? பிளாக்கின் வார்ப்பு எண்ணைத் தம் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டபின், “நாப்பத்துமூணு” என்றார். அதுவும் இரும்பு வார்த்த நாளேயன்றி லாரி பிறந்த நாளன்று. ராணுவப் பட்டறைகளில் புதுப்பித்த எஞ்சின் தான் கழன்ற வண்டிக்கே திரும்புவது அபூர்வம்.

பொறித்த எஞ்சின் எண்ணை அரைத்தெடுத்துப் புதிதாகப் பொறிப்பவர்களைப் பற்றிப் பேசுகையில் மட்டும் அவர் குரல் உயர்ந்தது. தொழிற்சாலையில் கடைந்த பரப்பின் மெல்லிய இணைகோடுகள் அரைத்த இடத்தில் அழிந்துபோகும். அதைக் கொண்டே மோசடியைக் கண்டுபிடிக்கிறார். வரலாற்றைத் திருத்தும் அச்செயல் எனக்கும் மன்னிக்கத் தகாததாகவே படுகிறது.

எண்களைத் தவிர வேறு தடயமும் உண்டு. அக்கால வண்டிகளின் சக்கரங்களில் எண்ணெய் கசியாமல் தடுத்த வளையங்கள் பெரும்பாலும் தோலால் ஆனவை. பிற்காலத்தில்தான் செயற்கை ரப்பர் வளையங்கள் பரவலாயின. ஆகவே வளையமும் காலத்திற்கு ஒரு சாட்சி. தேய்ந்த வளையத்திற்குப் பதிலாக, ஆம்பூர்த் தோல் தொழிலாளி ஒருவர் தாவரப் பட்டையில் பதனிட்ட கெட்டித் தோலை வெட்டி எண்ணெயில் ஊறவைத்துத் தருகிறார். அளவுகோலைவிட அவர் விரல் நுனி நிச்சயமானது என்று பெரியவரே சொன்னார்.

வீட்டுக் கொட்டகையிலோ கிணற்றடியிலோ இப்படி ஓர் எஞ்சின் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போடுமுன், பிளாக்கைத் துடைத்துச் சாக்பீஸ் பூசி, தெரியும் எழுத்துகளையும் எண்களையும் படம் பிடித்து எழுதி வையுங்கள்.