நாற்காலி ஒன்று தேவை!

மன்னனுக்கு அரியணை உண்டு. மடாதிபதிக்குப் பீடம் உண்டு. நீதிபதிக்கு உயர்ந்த இருக்கை உண்டு. உண்மையைத் தேடிப் புறப்படும் ஏழை ஆய்வாளனுக்கு? ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, சில மாதங்களுக்கு வயிற்றுக் கவலையைத் தீர்க்கும் ஊதியம் - இவ்வளவே நாம் கேட்பது. சிறு கோரிக்கைதான். ஆனால் அந்த நாற்காலியில் அமர்கிறவர்கள்தாம் வரலாற்றை எழுதுகிறார்கள். அமர இடம் கிடைக்காதவர்கள் பிறர் எழுதும் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவும் இடம் பெறுவதில்லை.

இலண்டன் மாநகரில், டேட் பிரிட்டன் கலைக்கூடத்தை அடுத்த தெருவில், ஸ்டூவர்ட் ஹால் நூலகம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு தோன்றிய இனிவா என்னும் கலை நிறுவனத்தின் நூலகம் அது. ஆப்பிரிக்க, கரீபிய, ஆசிய வழிவந்த கலைஞர்களின் கண்காட்சிப் பட்டியல்கள், இதழ்கள், துண்டு வெளியீடுகள், அழைப்பிதழ்கள் - இவையே அதன் செல்வம். பொன்னுமில்லை, மணியுமில்லை, வெறும் காகிதம்! அந்தக் காகிதங்களோடு சில காலம் பழகி ஆராயும்படி கலைஞர்களையும் ஆய்வாளர்களையும் அந்நூலகம் அழைக்கிறது. இதைத்தான் ஆங்கில நாட்டார் 'ரெசிடென்ஸி' என்கின்றனர். தங்குவது என்று பொருள். ஆயினும் கட்டிலும் தலையணையும் எல்லா இடத்திலும் தருவதில்லை. இது உன் இடம், நாள்தோறும் வா, நாடியதை எடு, கண்டதைச் சொல் - இந்த உரிமையே அச்சொல்லின் உயிர்.

"ஊரார் உணவின்றி வாடும்போது ஓவியனின் அழைப்பிதழை ஆராய்வதா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேட்கட்டும், கேட்பது பகுத்தறிவின் முதற்பாடம். நாமும் ஒன்று கேட்போம். ஒரு காகிதம் அழிந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை அதே பிரிட்டன் காட்டிற்று. 1948 ஜூன் திங்களில் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் கரீபியத் தீவு மக்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்தை அடைந்தது. பின்னும் பல ஆண்டுகள் பல்லாயிரவர் வந்தனர். பேருந்து ஓட்டினர், மருத்துவமனையில் பணிவிடை புரிந்தனர், வரி செலுத்தினர். 1973க்கு முன் வந்து குடியேறிய காமன்வெல்த் மக்களுக்கு அங்கே வாழும் உரிமையைச் சட்டம் தந்திருந்தது. பின்னாளில் அதிகாரிகள் கேட்டனர்: "நீ வந்த நாளுக்குச் சான்று எங்கே? வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சான்று எங்கே?" சிறுவயதில் தாயின் கைபிடித்து வந்தவர் எதைக் காட்டுவார்? வந்திறங்கிய நாளைக் கூறும் அட்டைகள் அரசிடம் இருந்தன. 2010ல் அவற்றை அரசின் உள்துறையே அழித்துவிட்டது! வேலை இழந்தோர் உண்டு, மருத்துவம் மறுக்கப்பட்டோர் உண்டு, சிறைவைக்கப்பட்டோர் உண்டு, நாடு கடத்தப்பட்டோரும் உண்டு. 2018ல் கொடுமை வெளிப்பட்டது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். பிரதமர் மன்னிப்புக் கேட்டார். போன வேலை வந்ததா? பிரிந்த குடும்பத்தின் கண்ணீர் காய்ந்ததா?

வாழ்வுரிமைக்கு நேர்ந்த கதி இது. கலைக்கு நேர்ந்ததும் இதுவே.

ரஷீத் அராயீன் கராச்சியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த கலைஞர். பிரிட்டனில் உழைத்த ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் கலைஞர்களின் படைப்புகளை ஒருங்கே காட்டவேண்டும் என்று நெடுங்காலம் போராடினார். 1989ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஹேவர்டு கலைக்கூடத்தின் கதவு திறந்தது. 'மற்றொரு கதை' என்று அக்காட்சிக்குப் பெயர். பெயரே குற்றச்சாட்டன்றோ! ஒரு கதைதான் அதுவரை சொல்லப்பட்டது என்பதை அது உரக்கக் கூறிற்று. அந்த மற்றொரு கதையிலும் பெண்களுக்கு உரிய பங்கு தரப்படவில்லை என்ற கண்டனம் எழுந்தது, அதுவும் நியாயமே.

பெண்கள் இல்லாமலா இருந்தார்கள்? 1985ல் லுபைனா ஹிமித் பதினொரு பெண் கலைஞர்களின் படைப்புகளை இலண்டனில் காட்சிக்கு வைத்தார். 'மெல்லிய கருங்கோடு' என்பது அதன் பெயர். கிடைத்த இடம் எது தெரியுமா? பெருமன்றமல்ல, ஆட்கள் கடந்து செல்லும் நடைவழி! அதே ஹிமித் 2017ல் டர்னர் பரிசைப் பெற்றார். அப்பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. நடைவழியிலிருந்து பரிசு மேடைக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள்! அந்த இடைக்காலத்தில், அப்படியொரு காட்சி நடந்தது என்பதற்கு யார் சாட்சி? சுவரிலிருந்து படங்கள் இறங்கிவிட்டன. பார்த்தவர் கலைந்துவிட்டனர். பட்டியல் நூலும் இதழ்க் குறிப்பும் அல்லவா சாட்சி சொல்ல மிஞ்சின!

சாட்சி இருந்தால் மட்டும் போதாது. அதை விசாரிப்பவர் வேண்டும். பெட்டிக்குள் கிடக்கும் காகிதம் ஊமை. அதை எடுத்து, அடுத்த காகிதத்தோடு ஒப்பிட்டு, பெயர் விடுபட்டது ஏன் என்று வினவுபவர் வந்தபின்பே அது பேசுகிறது. அதற்கு நாள் வேண்டும், மாதம் வேண்டும். பகலெல்லாம் பிறரிடம் பணிபுரிந்து மாலையில் ஓடிவருபவரை, "மூடும் நேரம்!" என்ற குரலல்லவா வரவேற்கிறது!

நாமும் ஒருமுறை பெரிய நூலகமொன்றின் வாயிலில் நின்றதுண்டு. என்ன நூல் வேண்டும் என்று கேட்கவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டனர். எந்தப் பல்கலைக்கழகமுமில்லை, படிக்கும் ஆவல் ஒன்றே உண்டு என்றோம். பரிந்துரைக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். குலம் கேட்ட காலத்திற்கும் கடிதம் கேட்கும் காலத்திற்கும் இடையே எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம் என்று எண்ணியபடியே திரும்பினோம். நூல்களைக் காப்பதற்கு விதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஏட்டைக் காக்கும் விதி ஆளை விரட்டும் விதியாக மாறலாமா?

நூலகத்திற்குப் பெயர் தந்த ஸ்டூவர்ட் ஹால் 1932ல் ஜமைக்காவில் பிறந்தவர். 1951ல் ஆக்ஸ்போர்டுக்குப் படிக்க வந்தார், பண்பாட்டு ஆய்வு என்னும் துறையை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவரானார், 2014ல் மறைந்தார். ஆவணக் களஞ்சியம் முடிந்துபோன பொருளன்று, புதிதாக வந்து சேரும் ஒவ்வொன்றும் பழையவற்றின் பொருளை மாற்றும் என்பது அவர் கருத்து. புராணத்திற்கும் வரலாற்றிற்கும் உள்ள வேறுபாடு இதுதான். புராணம், "நம்பு!" என்கிறது. ஆவணம், "நீயே பார்!" என்கிறது. நம்பச் சொல்பவனுக்கு நாற்காலி தேவையில்லை; நாம் மண்டியிட்டால் போதும். பார்க்கச் சொல்பவனோ நமக்கு இருக்கை தந்தாக வேண்டும்.

ஆகவே, தங்கி ஆராயும் வாய்ப்பைத் தரும் நிறுவனங்களை வாழ்த்துவோம். வாழ்த்தியதோடு நில்லாமல் மூன்று கேள்விகளையும் கேட்போம். ஊதியம் தருகிறீர்களா, அல்லது வசதி படைத்தவர் மட்டுமே வரட்டும் என்று வாளாவிருக்கிறீர்களா? பட்டம் பெறாதவருக்கும் இடம் உண்டா? ஆய்வாளர் கண்டறிந்ததை அடுத்து வருபவர் காணும்படி அலமாரியில் வைக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்போரே அறிவைப் பொதுவுடைமை ஆக்குவோர். மற்றவர் வைத்திருப்பது நூலகமன்று, பூட்டிய பெட்டகம்.

தோழர்களே! காகிதம் எளிதில் எரியும், எளிதில் நனையும், எளிதில் செல்லரிக்கும். அதைவிட எளிதில் மறைக்கப்படும். காப்பதற்கு ஒரு கை வேண்டும். படிப்பதற்கு இரு கண் வேண்டும். அந்தக் கண்ணுக்குரியவர் கவலையின்றி உட்கார, நாற்காலி ஒன்று தேவை!